மனத் தொலைவு முப்பத்தெட்டு கிலோமீட்டர்

பியோன் தல்சுவுக்கு ஐம்பத்தாறு வயது. அத்தனை வயதுக்கும் அவர் யாரையும் யாரோடும் இணைத்ததில்லை. கோஸ் போடுவார், அவ்வளவுதான். காங்வொன் மலையில், கும்தேகோல் ஊருக்கு மேலே ஆயிரத்து நூறு மீட்டர் உயரத்தில், நின்றால் கால் வழுக்கும் சரிவில் அவருடைய வயல். கிம்ச்சி என்கிற காரமான ஊறுகாய்க்குப் போடுகிற நீளக் கோஸ் அது. ஆகஸ்ட் வெயிலில் சமவெளியில் கோஸ் நிற்காது, மேலேதான் நிற்கும். ஆகவே ஆகஸ்டில் சியோல்காரர்கள் சாப்பிடுகிற புதுக் கிம்ச்சி தல்சுவைப் போன்ற நாலு பேர் முதுகு வளைந்ததால் வருவது. இது சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும் என்று தல்சுவுக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

தெரிந்தே தீர வேண்டும் என்று முடிவெடுத்தது மலை–நகர உணவு இணைப்பு மையம்.

ஜூன் மாதம் மையத்தின் ஒருங்கிணைப்பாளர் நாம்குங் ஒரு வெள்ளைக் காரில் வந்தார். காலில் வெள்ளை ஷூ. வயலுக்குள் இறங்காமல் தார்ச் சாலையிலேயே நின்றபடி கையால் மலையை ஒருமுறை சுற்றிக் காட்டினார், அதை அவர்தான் கொண்டுவந்து வைத்தவர் போல.

“உற்பத்தியாளர் அவர்களே, இனிமே இடைத்தரகர் கிடையாது. நீங்க ஒரு பக்கம், நுகர்வோர் ஒரு பக்கம். நடுவுல ஒருத்தர் இல்லை.”

தல்சுவின் மனைவி ஓக்சிம் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “அப்ப நீங்க யாருங்க?”

“நாங்க இணைப்பு.”

“இணைப்பு எங்க நிக்கும்?”

நாம்குங் சற்று யோசித்தார். “நடுவுலதான்.”

ஓக்சிம் கணவனைப் பார்த்தாள். தல்சு பார்வையைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஆண்டுதோறும் தரகர் சுன் வந்து, கோஸ் முழங்கால் உயரம்கூட வராத நேரத்தில், பல் குத்திக்கொண்டே வயலை மொத்தமாக விலை பேசுவார். மாட்டுச் சந்தையில் கிழட்டு மாட்டைப் பார்ப்பதுபோல் தல்சுவைப் பார்ப்பார். அந்தப் பார்வையிலிருந்து விடுபட இந்த வெள்ளை ஷூக்காரர் வழி சொல்கிறார் என்றால் சொல்லட்டுமே. இருபத்திரண்டு பக்க ஒப்பந்தத்தில் ஒன்பது இடத்தில் கையெழுத்துப் போட்டார். தரகர்களுக்கு விற்க மாட்டேன் என்பது அதில் நாலாவது இடம்.

தரகர் சுன் மறுவாரம் வந்து விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். “ஆகஸ்ட் இருபதாம் தேதி எனக்குப் போன் போடுவ பாரு தல்சு. நான் எடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

அதில் பொருள் இருந்தது. கோஸ் முற்றிவிட்டால் பத்து நாள், மிஞ்சினால் பன்னிரண்டு நாள். அதற்குள் வெட்டாவிட்டால் உள்குருத்து அழுகிக் கூழாகிவிடும். வெளியே பார்த்தால் மணப்பெண் மாதிரி நிற்கும். கையை வைத்தால் அமுங்கும். தல்சுவின் வயலில் அப்படிப் பன்னிரண்டாயிரம் நின்றன.

*

ஜூலையில் பயிற்சி தொடங்கியது. மூன்று செவ்வாய்க்கிழமை. மருந்தடிக்க வேண்டிய நாட்கள் அவை. ஓக்சிம் ஒற்றையாளாக நூறு மீட்டர் ஹோஸை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்க, தல்சு மூன்று பேருந்து மாறிச் சியோலுக்குப் போய், மையத்தின் ஏழாவது மாடியில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தார்.

முதல் வகுப்பு, ‘மலை என்றால் என்ன?’ நடத்தியவர் ஒரு பேராசிரியர். முழங்கால் வலியால் தம்மால் மலை ஏற முடிவதில்லை என்றும், அதனாலேயே மலையைப் பற்றித் தமக்கு நடுநிலையான பார்வை வாய்த்தது என்றும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். “மலை ஓர் உயரம் அல்ல. அது ஓர் உணர்வு,” என்றார். முப்பத்தொரு விவசாயிகளும் எழுதிக்கொண்டார்கள். தல்சு எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தார். தன் வயலில் எந்தப் பக்கம் அந்த உணர்வு என்று விளங்கவில்லை. வடக்கு மூலையில் ஒருமுறை வழுக்கி விழுந்து விலா எலும்பு உடைந்தது. அதுவாக இருக்கலாம் என்று விட்டுவிட்டார்.

இரண்டாவது செவ்வாய், ‘உற்பத்தியாளரின் முகம்’. ஆகஸ்டில் மையம் திறக்கப்போகிற சந்தையில் ஒவ்வொரு கடைக்கு மேலும் அந்த விவசாயியின் படம் ஆள் உயரத்தில் நிற்குமாம். படம் எடுக்கிறார்கள் என்று தல்சு முடி வெட்டியிருந்தார். மகள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார். பூட்ஸை ஆற்றில் கழுவி எண்ணெய் பூசியிருந்தார். படக்காரர் அவரைப் பார்த்ததும் கேமராவைத் தாழ்த்திவிட்டார்.

“இவர்ட்ட மலையே இல்லையே.”

“காலைல அங்க இருந்துதாங்க வர்றேன்,” என்றார் தல்சு.

“அது சரி. ஆனா தெரியலையே.”

ஒரு பெண் ஓடிவந்து அவர் கோட்டைக் கழற்றி, கிழிந்த சட்டை ஒன்றை மாட்டி, வைக்கோல் தொப்பி வைத்து, ஒரு பாட்டிலைக் குலுக்கி அவருடைய பூட்ஸ்மேல் பீய்ச்சினாள். பழுப்பாக வழிந்தது.

“இது என்னம்மா?”

“சேறு, ஐயா. பரிசோதிச்ச சேறு. கிருமி கிடையாது. துடைச்சா ஒட்டாது.”

ஐம்பத்தாறு ஆண்டு சேற்றில் நின்ற தல்சு அன்றுதான் ஒட்டாத சேற்றைப் பார்த்தார். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தார். இது நகரத்துச் சிரிப்பு என்றார்கள். களைப்பாகச் சிரிக்கச் சொன்னார்கள். அது சுலபமாக வந்தது.

மூன்றாவது செவ்வாய் ஒரு சிக்கல் முளைத்தது. உள்ளூர்ச் சந்தை விதிப்படி ஐம்பது கிலோமீட்டருக்குள் விளைந்ததுதான் உள்ளூர். மலை விவசாயிகளைத் தேடித் தேடிச் சேர்த்த பிறகுதான், சியோலைச் சுற்றி ஐம்பது கிலோமீட்டருக்குள் இப்படிப்பட்ட மலை எதுவும் இல்லை என்பதை மையத்தில் யாரோ வரைபடத்தில் பார்த்திருக்கிறார்கள். கும்தேகோல் நூற்றெண்பத்தேழு கிலோமீட்டர். ஆனால் மையம் இதற்கெல்லாம் அசருகிற இடமில்லை. உடனே ஒன்பது நிபுணர்கள் அடங்கிய குழு உட்கார்ந்து ‘மனத் தொலைவு’ என்ற அளவை ஒன்றைக் கண்டுபிடித்தது. விவசாயியிடம் நாற்பது கேள்வி கேட்பார்கள். அவர் நகரத்துக்கு மனத்தால் எவ்வளவு அருகில் இருக்கிறார் என்று கணினி சொல்லும்.

“சியோலை நினைக்கிறப்ப உங்களுக்கு என்ன தோணுது?”

“பஸ் கிடைக்குமான்னு தோணும்.”

தல்சுவின் மனத் தொலைவு முப்பத்தெட்டு கிலோமீட்டர் என்று வந்தது. தேறிவிட்டார். கைதட்டினார்கள். நகர எல்லையிலேயே, பன்னிரண்டு கிலோமீட்டரில், கூடாரம் போட்டுக் கீரை வளர்க்கிற ஒருவர், கேள்வி கேட்டபோது முறைத்தாராம். அவருக்கு அறுபத்தொன்று வந்து, தொலைதூரத்தவர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஓக்சிம் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். “நம்ம வீட்ல இருந்து வயலுக்கு எத்தனை கிலோமீட்டர்னு கேட்டீங்களா? நீங்க ஒரு மாசமா அந்தப் பக்கமே வரலையே.”

*

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, திறப்பு விழா. கோஸ் முற்றி நாலு நாள் ஆகியிருந்தது. கணவனும் மனைவியுமாக முந்தின நாள் முழுக்க வெட்டி, நானூறு கோஸைச் சின்ன லாரியில் அடுக்கினார்கள். முதலில் இது விற்கட்டும். மீதியை எடுக்க மையமே லாரி அனுப்பும் என்று தல்சு நம்பினார். அப்படி ஒப்பந்தத்தில் இருந்ததா என்று ஓக்சிம் கேட்டாள். இருபத்திரண்டு பக்கத்தில் இல்லாமலா போகும் என்றார்.

மையத்தின் முன்னால் இருந்த திடலில் முப்பத்தொரு கடை. தல்சுவின் கடைக்கு மேலே அவருடைய முகம், களைத்த சிரிப்போடு, ஆள் உயரத்துக்கு நின்றது. கீழே மரத் தட்டில் பன்னிரண்டு கோஸ் பளபளவென்று அடுக்கியிருந்தது. தல்சு திடுக்கிட்டார். அவர் கோஸ் இன்னும் லாரியில் இருக்கிறது. ஒன்றை எடுத்துப் பார்த்தார். கனமே இல்லை.

“அது பிளாஸ்டிக்ல செஞ்ச பொம்மைக் கோஸ்,” என்றார் நாம்குங். “நிஜக் கோஸ் வெயில்ல வாடிடும். படத்துல நல்லா வராது. உங்க லாரியைப் பின் தெருவுல நிறுத்திடுங்க. முன்னாடி நின்னா சந்தை மாதிரி ஆயிடும்.”

“இது சந்தைதானே, சார்?”

“ஆமா, ஆனா அப்படித் தெரியக் கூடாது.”

பேச்சு தொடங்கியது. இயக்குநர் தாக் மேடையேறினார். பருத்த மனிதர், இரண்டு கைகளையும் விரித்துப் பேசும் பழக்கம்.

“ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த மையத்தைத் தொடங்கியபோது எங்களிடம் ஒரே ஒரு மேசைதான் இருந்தது. இன்று பதினோரு மாடி! அப்போது எங்கள் பட்டியலில் நாலாயிரம் மலைக் குடும்பங்கள் விவசாயம் செய்தன. இன்று ஆயிரத்து அறுநூறு. அதாவது, ஒவ்வொரு விவசாயக் குடும்பத்துக்கும் கிடைக்கிற எங்கள் ஊழியர்களின் கவனம் எத்தனை மடங்கு உயர்ந்திருக்கிறது, எண்ணிப் பாருங்கள்!”

எண்ணிப் பார்க்காமலே கைதட்டினார்கள்.

“சந்தை என்றால் விற்பது, வாங்குவது என்று நினைப்பது பழைய சிந்தனை. வாங்கிவிட்டால் என்ன ஆகிறது? நுகர்வோர் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். உறவு முடிந்தது. வாங்காத வரைக்கும்தான் அவர் நம்மோடு இணைந்திருக்கிறார்!”

இப்படி ஆறு பேர் பேசினார்கள். பிறகு பதினான்கு பேர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு நாடா வெட்டினார்கள். ஒருவர் கேமரா தயாராகும் முன்பே வெட்டிவிட்டதால் புது நாடா கட்டி மறுபடி வெட்டினார்கள். அதில் ஒருவர் கண்ணை மூடிவிட்டார். மூன்றாவது நாடாவும் வந்தது. பின் தெருவில், லாரியின் தார்ப்பாய்க்கு அடியில், தல்சுவின் கோஸ் வெந்துகொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு மக்களை விட்டார்கள். முதலில் துணிப்பை இலவசம் என்று நீள வரிசை. அடுத்து, ஒவ்வொரு கடையிலும் முத்திரை வாங்கி அட்டையை நிரப்பினால் விசிறி இலவசம் என்று அதைவிட நீள வரிசை. தல்சு முத்திரை குத்தினார். மதியம் வரை குத்தினார். கோஸ் என்ன விலை என்று கேட்டது ஒரே ஒருத்திதான்.

அறுபது வயதிருக்கும். சுருட்டிய முடி, வெயிலுக்கு நெற்றியில் மாட்டுகிற பிளாஸ்டிக் மறைப்பு, கையில் இழுவண்டி. குவாக் புன்ஜா என்று பெயர். பக்கத்துத் தெருவில் கத்தியால் வெட்டிப் போடுகிற நூடுல்ஸ் கடை நடத்துகிறவள். ஒரு கோஸைப் பார்த்து, விரல் முட்டியால் தட்டினாள்.

“என்ன தம்பி இது, காலி டப்பா மாதிரி சத்தம் வருது?”

“நிஜக் கோஸ் பின்னாடி இருக்குக்கா.”

“அத குடு. நாற்பது வேணும். என் கடையில கிம்ச்சி தீந்து ரெண்டு நாளாச்சு. வர்றவன் எல்லாம் என்னைத் திட்டிட்டுப் போறான்.”

எங்கிருந்தோ நாம்குங் வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். கையில் அட்டைக் கட்டு.

“ரொம்ப மகிழ்ச்சி, நுகர்வோர் அவர்களே. முதல்ல மூணு நிமிஷ இணைப்பு உரையாடல். இந்தக் கோஸைப் பாக்குறப்ப உங்க மனசுல என்ன நிறம் வருது?”

“பச்சை. ஏன், உனக்குக் கண்ணு தெரியாதா?”

“அடுத்து, இந்த விவசாயியோட எந்தக் கஷ்டம் உங்களை ரொம்பப் பாதிச்சது?”

“நீதாம்பா.”

நாம்குங் அதையும் குறித்துக்கொண்டார். வாங்க வேண்டுமானால் ‘வாங்கும் விருப்பம்’ என்ற படிவத்தைப் பூர்த்தி செய்யலாம். விருப்பங்களை ஆராய்ந்து நவம்பர் மாதம் தகவல் அனுப்புவார்கள் என்றார்.

தல்சுவின் கையிலிருந்த முத்திரைக் கட்டை கீழே விழுந்தது. “நவம்பரா? சார், என் வயல்ல பதினோராயிரத்து அறுநூறு நிக்குது. இன்னும் ஒரு வாரம் தாங்காது. நீங்க எடுத்துக்கிறதாத்தானே கையெழுத்து வாங்கினீங்க?”

“ஒப்பந்தத்துல ‘இணைப்பு’ன்னுதான் இருக்கு, உற்பத்தியாளர் அவர்களே. ‘கொள்முதல்’னு எங்கயும் இல்லையே,” என்றார் நாம்குங், மிகவும் அன்பாக. “இணைப்பு நடந்துக்கிட்டிருக்கு. பாருங்க, இன்னைக்கு மட்டும் உங்களுக்கு எழுநூறு முத்திரை.”

தல்சு நாற்காலியில் உட்கார்ந்தார். தலைக்கு மேலே அவருடைய முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பன்னிரண்டாயிரத்தில் ஒவ்வொன்றையும் அவரும் ஓக்சிம்மும் நாற்றாக நட்டிருந்தார்கள். மே மாதம் பனி விழுந்தபோது இருவரும் அதிகாலையில் மண்டியிட்டுத் துணி போர்த்தியிருந்தார்கள். அவளிடம் போய் எழுநூறு முத்திரை என்று எப்படிச் சொல்வது? அழுகை வந்துவிடுமோ என்று பயந்தார். வந்தால் அதையும் படம் எடுப்பார்கள்.

புன்ஜா குனிந்து அவர் காதருகே கேட்டாள். “தம்பி, வண்டி எந்தத் தெருவுல?”

பின் தெருவில் அவள் தார்ப்பாயைத் தூக்கி, ஒரு கோஸை எடுத்து, தன் வண்டியிலிருந்த கத்தியால் இரண்டாகப் பிளந்தாள். மஞ்சள் குருத்தைக் கிள்ளி வாயில் போட்டு மென்றாள். இன்னொரு இலையைக் கிள்ளினாள். பிறகு கைப்பேசியை எடுத்துக் கத்தினாள்: “ஏ சோத்துக்கடைக்காரி! கடைய அப்பறம் தொறக்கலாம், பாத்திரத்தத் தூக்கிட்டு வா. ஆமா, நிஜம். மலைக் கோஸ். அந்தச் சூப்புக்கடைக்காரியையும் கூட்டிட்டு வா, அவ தனியா வந்தா பாதிய அமுக்கிருவா!”

நாற்பது நிமிடத்தில் லாரி காலி. தல்சுவின் சட்டைப்பை, கால்சட்டைப்பை, தொப்பி எல்லாம் நோட்டுக் கசங்கல். கடைசிக் கோஸுக்கு இரண்டு பெண்கள் இழுபறி செய்துகொண்டிருந்தபோது நாம்குங் இரண்டு காவலாளிகளோடு ஓடிவந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. வீட்டில் திருடன் புகுந்ததைப் பார்த்தவர் முகம் அப்படி இருக்கும்.

*

செவ்வாய்க்கிழமை விசாரணை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஏழு பேர். நடுவில் இயக்குநர் தாக்.

“விதி பதினேழு,” என்று ஒருவர் வாசித்தார். “மலை உற்பத்தியாளரும் நகர நுகர்வோரும் மையத்தின் அனுமதியின்றி நேரடியாக இணைதல்.”

“அவங்க கோஸ் வேணும்னாங்க, ஐயா,” என்றார் தல்சு.

“கேட்டா குடுத்துடுவீங்களா?”

“ஆமாங்க.”

இதை ஒப்புதல் வாக்குமூலம் என்று குறித்துக்கொண்டார்கள்.

இயக்குநர் தாக் கைகளை விரித்தார். அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. “நீங்க பாட்டுக்கு அவங்களோட பேசிக்கிட்டா, நாங்க எதுக்கு? இந்தக் கட்டடத்துல நூத்திப் பதினெட்டுப் பேர் வேலை பாக்குறாங்க. அவங்களுக்குக் குடும்பம் இருக்கு, பிள்ளைங்க படிக்குது. உங்களுக்கும் நகரத்துக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை நம்பித்தானய்யா அவங்க பிழைக்கிறாங்க! நாற்பது நிமிஷத்துல அதை இல்லாம பண்ணிட்டீங்களே, உங்களுக்கு மனசாட்சி இல்லையா?”

தல்சுவுக்கு ஒரு கணம் நிஜமாகவே பாவமாக இருந்தது. தலைகுனிந்தார்.

மூன்று ஆண்டுத் தடை. அதோடு வருத்தக் கடிதம் ஒன்று. அங்கேயே உட்கார்ந்து எழுதினார்: ‘கோஸ் கேட்டவர்களுக்குக் கோஸ் கொடுத்துவிட்டேன். வருந்துகிறேன்.’ ஆழம் போதவில்லை என்று திருப்பித் தந்தார்கள். இன்னொரு முறை எழுதினார்: ‘மிகவும் வருந்துகிறேன்.’ ஏற்றுக்கொண்டார்கள்.

*

பதினாறாம் தேதி காலை கும்தேகோல் வளைவுகளில் ஒரு வாடகைப் பேருந்து திணறிக்கொண்டு ஏறியது. பின்னாலேயே மூன்று லாரி. அன்று பின் தெருவிலேயே வழி கேட்டு வைத்திருந்த புன்ஜா முதலில் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் முப்பது பெண்கள். நூடுல்ஸ் கடை, சூப்புக் கடை, சோற்றுக் கடை, பள்ளிச் சமையல். எல்லோர் கையிலும் ரப்பர் கையுறை, இடுப்பில் கத்தி.

“ஐயோ, இந்தச் சரிவுலயா நிக்கிறீங்க?” என்று ஒருத்தி அலறினாள்.

“நாங்க நிக்கல. விழுந்துட்டு இருக்கோம், மெதுவா,” என்றாள் ஓக்சிம். அன்று முழுவதும் அந்தக் கூட்டத்தில் அவள் குரல்தான் ஓங்கி இருந்தது.

அன்றும் மறுநாளும் எட்டாயிரத்துச் சொச்சம் இறங்கிப் போனது. மேட்டுப் பகுதியில் மூவாயிரம் வரை குருத்து அழுகிவிட்டிருந்தது. மையம் தின்ற நாட்களின் மூவாயிரம். தல்சு ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஓக்சிம் கூடவே நடந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்து வந்தாள்.

இரண்டாம் நாள் மதியம் வெள்ளைக் கார் வந்தது. நாம்குங் இந்த முறை வயலுக்குள் இறங்கினார். ஷூ கணுக்கால் வரை புதைந்தது. நடந்ததைப் பற்றி மையத்தில் மறுபரிசீலனை செய்தார்களாம். இந்தப் பேருந்தையும் மூன்று லாரியையும் மையத்தின் சாதனையாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவாம். தல்சுவும் புன்ஜாவும் ‘எங்களை இணைத்தது மையமே’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டால் தடை நீங்கும்.

“போட்டுருவோம் தம்பி, நமக்கென்ன,” என்றாள் புன்ஜா. “முதல்ல இந்த வரிசையை முடிக்கச் சொல்லு.” சொல்லிவிட்டுத் தன் கத்தியை நாம்குங்கிடம் நீட்டினாள்.

அவர் கோட்டைக் கழற்றினார். ஆறு கோஸ் வெட்டினார். ஏழாவதில் கை கொப்பளித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம். ஓக்சிம் ஒரு குருத்து இலையில் சோற்றை வைத்து, சோயா விழுதைத் தடவி, மடித்து அவர் கையில் கொடுத்தாள். சாப்பிட்டார். மெதுவாக மென்றார். முகம் மாறியது.

“இனிக்குதே!” என்றார் வியப்பாக. மையத்தில் ஏழு ஆண்டு வேலை பார்த்தவர்.

வரப்பில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தல்சுவுக்குக்கூட அந்த மனிதர்மேல் சற்று இரக்கம் வந்தது. நாம்குங் இன்னொரு இலை கேட்டு வாங்கித் தின்றார். வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு பையைத் திறந்து, பேனாவை எடுத்து, “இந்த இனிப்புக்கு ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள எத்தனை மதிப்பெண் குடுப்பீங்க?” என்று வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார்.

ஓக்சிம் அவர் மடியிலிருந்த படிவக் கட்டை எடுத்தாள். விரலால் தாளைத் தேய்த்துப் பார்த்தாள். வழவழப்பான, கெட்டியான தாள். ஒரு பெரிய கோஸை நடுவில் வைத்து, நாலு தாளால் இறுகச் சுற்றிப் புன்ஜாவின் பைக்குள் வைத்தாள்.

“நிழல்ல வைங்க அக்கா. ஒரு மாசம் தாங்கும்.”

“அதுல கையெழுத்துப் போடணுமே!” நாம்குங் எழுந்துவிட்டார். “திருப்பிக் குடுத்துருவாங்களா?”

“கோஸ் காலியானதும் கேளுங்க,” என்றாள் ஓக்சிம், அடுத்த கோஸுக்கு அடுத்த நாலு தாளை எடுத்தபடி.